முதல் மோட்டார் வாங்கும் தோழனுக்கு

(கோலா தெர்லாவில் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பளம், வீட்டு வசதி, மருத்துவ வசதி ஆகியவற்றைப் பற்றித்தானே சங்கத்தார் பேசுவார்கள், இன்றைக்கு மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச வந்திருக்கிறார்களே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நமது நாட்டில் சாலை விபத்தில் உயிர் விடுகிறவர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். காரில் போகிறவனும் லோரியில் போகிறவனும் அல்ல, நம்மைப்போல் இரண்டு சக்கரத்தில் வேலைக்குப் போகிறவனே அதிகமாகச் சாகிறான். தொழிலாளியின் கை கால் சம்பந்தப்பட்ட விஷயம் எதுவாக இருந்தாலும் அது சங்கத்தின் விஷயமே.

மோட்டார் வாங்காதீர்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. வாங்குங்கள். இந்த மலையில் மோட்டார் இல்லாதவன் பாதி ஆள். 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்தில் வந்த நம் பாட்டன் பாட்டிமார், கூடை சுமந்து நடந்தே மலை ஏறினார்கள், நடந்தே இறங்கினார்கள். இன்றைக்கு வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம், பிள்ளைகள் படிக்கும் பள்ளி மற்றொரு பக்கம். கோலா தெர்லாவைச் சுற்றித் தேயிலையைவிடக் காய்கறியும் பூவும் பெருகிவிட்டன. வேலை தேடி ஒருவன் வடக்கே கம்போங் ராஜாவுக்கும் போகிறான், தெற்கே திரிங்காப்புக்கும் பிரிஞ்சாங்குக்கும் போகிறான். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் தானா ராத்தா மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்கிறது. பஸ்ஸை நம்பி இதெல்லாம் நடக்குமா? ஆகவே மோட்டார் ஆடம்பரமல்ல. ரப்பர் மரத்துத் தோழனுக்குப் பால் வெட்டும் கத்தி எப்படியோ, நமக்கு மோட்டாரும் அப்படியே, பிழைப்புக்கான கருவி.

கத்தி வாங்கும்போது கூர் பார்த்து வாங்குகிறோம். ஆனால், மோட்டாரை மட்டும் பெயின்ட் பார்த்து வாங்குகிறோம்! அதைப் பற்றித்தான் பேச வந்தோம். இன்றைய பேச்சின் சாரம் இரண்டே வாக்கியம். மோட்டாரைப் பார்க்கும் முன் அதன் காகிதத்தைப் பாருங்கள். அது எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் முன் எப்படி நிற்கிறது என்று பாருங்கள்.

பணக் கணக்கு

2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்தச் சம்பளத்தை வைத்துத்தான் நாம் கணக்குப் போட வேண்டும். புதிய மோட்டார் பல மாதச் சம்பளத்தை விழுங்கும். ஆதலால் முதல் மோட்டார் பழைய மோட்டாராக இருப்பதில் வெட்கமில்லை, அதுவே புத்திசாலித்தனமும்கூட. புதிதாக ஓட்டப் பழகுகிறவன் இரண்டு தடவையாவது கீழே போடாமல் இருக்க மாட்டான். அந்தக் கீறல் புது வண்டியில் விழுவதைவிடப் பழைய வண்டியில் விழட்டும்.

கடன் விஷயத்தில் ஜாக்கிரதை வேண்டும். கடையிலே, "முன்பணம் வேண்டாம், மாதம் நூற்றுச் சொச்சம் கட்டினால் போதும்" என்பார்கள். கேட்க இனிப்பாக இருக்கும். ஒரு கணக்குப் பார்ப்போம். 3,000 வெள்ளியை நூற்றுக்குப் பத்து வட்டியில் மூன்று வருஷத் தவணைக்கு எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 300, மூன்று வருஷத்துக்கு 900 வெள்ளி வட்டி. ஆக மொத்தம் 3,900. முப்பத்தாறு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 108 வெள்ளியும் சில்லறையும் வரும். இதிலே மறைந்திருக்கும் சூழ்ச்சி என்ன? மாதாமாதம் நாம் முதலையும் சேர்த்துத்தான் திருப்பிக் கட்டுகிறோம். இரண்டாம் வருஷ முடிவில் முதலில் பெரும்பகுதி அடைந்து போயிருக்கும். ஆனால், வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு 3,000-க்கும் போட்டபடியே நிற்கும். உண்மையில் நாம் கொடுக்கும் வட்டி பத்தல்ல, ஏறக்குறைய பதினெட்டு!

தவணையில்தான் வாங்க வேண்டும் என்றால் 1967-ஆம் ஆண்டுத் தவணைக் கொள்முதல் சட்டம் நமக்குக் கொஞ்சம் காவல் தருகிறது. தொடர்ந்து இரண்டு தவணை தவறிய பிறகே வண்டியைப் பறிக்க முயலலாம், அதற்கும் முன்கூட்டி எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். முக்கால் பங்குக்கு மேல் கட்டிவிட்டால், கோர்ட்டு உத்தரவில்லாமல் கைவைக்கக்கூடாது. வாசலில் வந்து மிரட்டுகிறவனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு அழ வேண்டாம். சங்கத்துக்கு வாருங்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்றுண்டு. மாதம் 150 வெள்ளி ஒதுக்குங்கள். ஒரு வருஷத்தில் 1,800 சேர்ந்துவிடும். இன்னும் சில மாதம் பொறுத்தால், வட்டியில்லாமல் நம் பணத்திலே நம் மோட்டார். அந்த ஒரு வருஷத்திலேயே லைசென்ஸும் எடுத்து முடித்துவிடலாம். கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடவும் கூடாது. டயர், செயின், பிரேக் மாற்ற, இன்சூரன்ஸ் கட்ட, நல்ல தலைக்கவசம் வாங்க என்று நாலில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். பழைய வண்டி வந்த முதல் மாதத்திலேயே கையை நீட்டும்.

காகிதம் முதலில்

"கிராண்ட் பிறகு தருகிறேன், அண்ணன் தம்பிக்குள் என்ன?" என்று ஒருவன் பாதி விலைக்கு மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வருவான். லயத்தில் இது தெரிந்த கதை. அப்படி வந்தால் கை கூப்பி அனுப்பிவிடுங்கள். கிராண்ட் இல்லாத மோட்டார் திருட்டு மோட்டாராக இருக்கலாம், கடன் தீராத மோட்டாராக இருக்கலாம், சம்மன் குவிந்த மோட்டாராக இருக்கலாம். எதுவானாலும் போலீஸ் நிறுத்தும்போது மேலே உட்கார்ந்திருப்பவன் விற்றவனல்ல, நாம்.

என்னென்ன பார்க்க வேண்டும்? கிராண்டில் உள்ள பெயரும் விற்கிறவரின் அடையாளக் கார்டும் ஒன்றாக இருக்கிறதா? அதில் எழுதியிருக்கும் எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வண்டியில் குத்தியிருக்கும் நம்பரோடு ஓர் எழுத்துப் பிசகாமல் சேருகிறதா? சேறும் கிரீஸும் மூடியிருந்தால் துடைத்துவிட்டுப் பாருங்கள். அரத்தால் தேய்த்த தடமோ மறுபடி குத்திய தடமோ இருந்தால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். கடன் கொடுத்த கம்பெனியின் உரிமைக் கோரிக்கை கிராண்டில் பதிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். பதிந்திருந்தால் கடன் முழுவதும் தீர்ந்து அந்தப் பதிவு நீங்கும்வரை வண்டி விற்றவனுக்கும் சொந்தமில்லை, வாங்கியவனுக்கும் சொந்தமில்லை. சம்மன் பாக்கி உண்டா என்பதை ஜே.பி.ஜே. அலுவலகத்திலும் கேட்கலாம், கைத்தொலைபேசியிலேயும் பார்க்கலாம். விற்பவரை உங்கள் முன்னிலையில் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாம் சரியென்றால் பெயர் மாற்றத்துக்கான ஏற்பாட்டை இருவரும் சேர்ந்து செய்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். பணம் கொடுத்தாகிவிட்டால் பெயர் மாற்ற விற்றவனுக்கு அவசரமிராது. இங்கே விற்கிறவருக்கும் ஒரு வார்த்தை. பெயர் மாற்றாமல் வண்டியைக் கொடுத்துவிட்டால், வாங்கியவன் செய்யும் குற்றத்துக்கெல்லாம் சம்மன் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

பெயர் ஏன் இவ்வளவு முக்கியம்? 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, மற்றவருக்கு நேரும் காயத்துக்கும் மரணத்துக்கும் ஈடு செய்யும் இன்சூரன்ஸ் இல்லாமல் எந்த மோட்டாரும் சாலையில் ஓடக்கூடாது. சின்ன மோட்டாருக்குச் சாலை வரி ஒரு பெரிய சுமையே அல்ல. இன்சூரன்ஸுக்குத்தான் காசு போகிறது. அந்தக் காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஓட்டும் தோழன் ஒருவன் மழை நாளில் வழுக்கி, சாலையோரம் நடந்து போகும் ஒரு கிழவரை இடித்துத் தள்ளிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். கிழவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. நஷ்டஈடு ஆயிரக்கணக்கில் வந்து நிற்கிறது. இன்சூரன்ஸ் இருந்தால் அது கம்பெனியின் கவலை. இல்லாவிட்டால்? இந்தத் தோழனுடைய வாழ்நாள் சம்பளத்தில் பாதி. லைசென்ஸ் இல்லாதவனும் இதே கதிதான். கம்பெனி கிழவருக்குக் கொடுத்தாலும், கொடுத்த பணத்தை நம்மிடம் திருப்பிக் கேட்க வழியிருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கட்டாய இன்சூரன்ஸ் மற்றவர்களுக்காக. ஓட்டுகிற நமக்கு அதில் ஒன்றுமில்லை. பின்னால் உட்காரும் மனைவிக்கோ பிள்ளைக்கோ காப்பு உண்டா என்பதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கூடச் சில வெள்ளிதான் ஆகும். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

எந்த மோட்டார், எப்படிப் பார்ப்பது?

இளைஞர்கள் வேகமான வண்டியில் கண் வைப்பார்கள். முதல் மோட்டாருக்கு அது வேண்டாம். ஹோண்டா இ.எக்ஸ்.5, மொடெனாஸ் கிரிஸ் போன்ற சின்ன வண்டிகளே நமக்கு ஏற்றவை. இந்த ரக வண்டிகளுக்கு மூதாதை 1958-இல் ஜப்பானில் வந்த ஹோண்டா சூப்பர் கப். கிளட்ச் பிடிக்கத் தேவையில்லாமல் காலாலே கியர் மாற்றும்படி அதைச் செய்தார்கள். சாப்பாட்டுக் கடைப் பையன் ஒரு கையில் தட்டை ஏந்தியபடி ஓட்ட வேண்டும் என்று எண்ணிச் செய்தார்கள் என்பார்கள். உழைக்கிறவனுக்காகச் செய்த வண்டி என்பதனாலேயோ என்னவோ, 2017-இல் அந்தக் குடும்பத்து வண்டி பத்துக் கோடியை எட்டியது. கிரிஸ் நம் நாட்டிலேயே, கெடாவில் குருனில் செய்த வண்டி. இவற்றுக்குச் சாமான் எந்தச் சின்ன ஊர்ப் பட்டறையிலும் கிடைக்கும், பழுது பார்க்கத் தெரிந்தவரும் லயத்துக்கு ஒருவர் இருப்பார். சாமான் கிடைக்காத வண்டி எவ்வளவு மலிவானாலும் நமக்கு மலிவல்ல.

மோட்டாரைப் பார்க்கப் பகலில் போங்கள், மழையில்லாத நேரத்தில் போங்கள். அனுபவமுள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நாம் வரும் முன்பே எஞ்சினைச் சூடேற்றி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். போனவுடன் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சின் இரண்டு மூன்று உதையில் பிடித்துக்கொண்டால் நல்லது. ஏற்கெனவே சூடாக இருந்தால், குளிரில் பிடிக்காத வண்டியோ என்று சந்தேகப்பட வேண்டும். நமது மலையில் விடியற்காலை வேலைக்குக் கிளம்புகிறவனுக்கு இது சின்ன விஷயமல்ல.

பிறகு புகையைப் பாருங்கள். நாலு ஸ்ட்ரோக் வண்டியில் நீலம் கலந்த புகை ஓயாமல் வந்தால், எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது என்று அர்த்தம். அது பெரிய செலவு. கறுப்புப் புகை வந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. அது கார்புரேட்டரைத் திருத்தினால் சரியாகக்கூடியது. ஈப்போவிலோ தாப்பாவிலோ வாங்கிய வண்டி இங்கே மேலே வந்ததும் மூச்சு வாங்குவதும் பிளக் கறுத்துப் போவதும் உண்டு. காரணம் எளிது. உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. நூறு மீட்டர் ஏறினால் எஞ்சினின் பலத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு குறைகிறது. நாமோ ஆயிரம் மீட்டருக்கு மேலே வாழ்கிறோம். காற்று குறைந்தும் பெட்ரோல் பழைய அளவிலே வந்தால் புகை கறுக்கும். மலைக்கு ஏற்றபடி கார்புரேட்டரைத் திருத்தும்படி இங்குள்ள பட்டறையில் சொல்லுங்கள். எஞ்சின் கெட்டது என்று பயப்பட வேண்டாம்.

அடுத்து உடம்பு. பின்னால் பத்தடி தள்ளி உட்கார்ந்து பாருங்கள். இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா? கழுத்துப் பக்கம் பெயின்ட் உரிந்து சுருங்கியோ, புது வெல்டிங் போட்டோ இருந்தால், அந்த வண்டி எங்கேயோ மோதியிருக்கிறது. முன்சக்கரத்தைத் தூக்கிக் கைப்பிடியை மெல்லத் திருப்புங்கள். நடுவிலே தட்டித் தட்டி நின்றால் தலைப் பேரிங் போய்விட்டது. சக்கரத்தை இடம் வலமாக ஆட்டிப் பாருங்கள், ஆடக்கூடாது. பின்பல்சக்கரத்தின் பின்புறம் செயினைப் பிடித்து இழுங்கள். பல்லைவிட்டுப் பாதியளவு தூக்கிக்கொண்டால் செயினின் காலம் முடிந்தது. பற்கள் வாழைப்பூ மடல்போல் கூர்ந்து வளைந்திருந்தால் பல்சக்கரமும் போயிற்று. செயினையும் முன், பின் பல்சக்கரங்களையும் மூன்றும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும். அந்தச் செலவை விலையிலே கழித்துப் பேசுங்கள்.

டயரில் பூ தேய்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. பக்கவாட்டில் நாலு எண் அச்சடித்திருக்கும். முதல் இரண்டு எண் வாரம், பின் இரண்டு எண் வருஷம். பூ நன்றாக இருந்தும் ரப்பர் காய்ந்து வெடித்த பழைய டயர் ஈரச் சாலையில் சோப்புக் கட்டிபோல் வழுக்கும். ரப்பரைப் பற்றி ரப்பர்த் தோட்டத்தார் பத்திரிகையில் நாம் அதிகம் விளக்க வேண்டியதில்லை!

மைல் மீட்டர் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். அதை மாற்றிவிடலாம். தேய்ந்த மிதியடியையும் கைப்பிடி ரப்பரையும் யாரும் நினைத்து மாற்றுவதில்லை. வண்டி எவ்வளவு ஓடியது என்பதை அவையே சொல்லும்.

கடைசியாக ஓட்டிப் பாருங்கள். லைசென்ஸ் இல்லாதவர் தாமே ஓட்டாமல் உடன் வந்தவரை ஓட்டச் சொல்லுங்கள். இறக்கத்தில் முன்பிரேக், பின்பிரேக் இரண்டையும் தனித்தனியே பிடிக்கச் சொல்லுங்கள். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தாலும், கிறீச்சிட்டாலும், பிரேக் பலகையில் உள்ள அம்புக்குறி கடைசிக் கோட்டுக்கு வந்திருந்தாலும், அதைச் சரிசெய்யாமல் அந்த வண்டியில் மலை இறங்கக்கூடாது.

மலைச் சாலை கேட்கும் பாடம்

கீழே ரப்பர்த் தோட்டத்திலிருந்து இதை வாசிக்கும் தோழர்களுக்கு அவர்கள் தொல்லை தெரியும். இருட்டிலே மரவேர் தட்டும், செம்மண் வழுக்கும், பின்னால் பால் வாளி ஆடும். எங்கள் தொல்லை வேறு. எங்கள் சாலை ஒன்று ஏறுகிறது, இல்லாவிட்டால் இறங்குகிறது. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வளைவுமேல் வளைவு.

இறக்கத்தில் செய்யும் பெரிய தவறு, பெட்ரோல் மிச்சமாகும் என்று கியரை விடுவித்து, சிலர் எஞ்சினையும் நிறுத்திவிட்டு, உருட்டிக்கொண்டு வருவது. மிச்சமாவது சில துளி. இழப்பதோ எஞ்சின் கொடுக்கும் பிடிப்பு. அப்போது முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுகிறது. ஓயாமல் பிடித்த பிரேக் சூடேறி, ஒரு கட்டத்தில் பிடித்தும் பிடிக்காத நிலைக்கு வந்துவிடும். அது எந்த வளைவில் வரும் என்று சொல்ல முடியாது. ஏறும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இது ஒன்றை மனத்தில் வைத்தால் போதும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள்ளே பிரேக்கை அழுத்தாதீர்கள்.

காய்கறித் தோட்டத்து லோரிகள் சாலையில் உதிர்க்கும் சேறு மழை தொட்டதும் எண்ணெய்போல் ஆகிவிடும். தண்ணீரில் இறங்கிய பிரேக் உடனே பிடிக்காது, மெல்ல இரண்டு மூன்று முறை அழுத்தி உலர்த்த வேண்டும். மூடுபனியில் விளக்கைத் தாழ்த்திப் போடுங்கள். விடுமுறை நாளில் கீழே இருந்து வரும் கார்க்காரர்களுக்கு இந்த வளைவுகள் தெரியாது. அவர்கள் நடுக்கோட்டைத் தாண்டித்தான் வருவார்கள் என்று எண்ணி நாம் இடது ஓரமாகப் போவதே நல்லது.

பராமரிப்பு

மோட்டாரைக் காப்பது பணக்காரர் வேலையல்ல. வாரத்துக்கு அரை மணி நேரமும் சில வெள்ளியும் போதும். இந்தச் சின்ன வண்டிகளுக்கு எஞ்சின் எண்ணெய், அதாவது கடையில் நாம் மின்யாக் ஈத்தாம் என்று கேட்கிறோமே அது, ஒரு லிட்டருக்கும் குறைவாகத்தான் பிடிக்கும். கொஞ்சம் குறைந்தாலும் எஞ்சினுக்கு ஆபத்து. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, குச்சியை எடுத்துத் துடைத்து அளவு பாருங்கள். இரண்டாயிரம், மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றுங்கள். ஓயாமல் மலையேறும் வண்டிக்கு இரண்டாயிரமே நல்லது. பழைய வண்டியை வாங்கி வந்த அன்றே ஒரு தடவை மாற்றிவிடுங்கள். விற்றவர் எப்போது மாற்றினாரோ யாருக்குத் தெரியும்?

டயரில் காற்றை ஓடாத நேரத்தில், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். செயினில் சேறு ஒட்டினால் பிரஷ் வைத்துத் தேய்த்து, துடைத்து, எண்ணெய் விடுங்கள். டயரிலும் பிரேக்கிலும் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது. செயின் நடுவிலே விரலால் தூக்கினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் ஆட வேண்டும். அதற்கு மேல் தொங்கினால் கழன்று சக்கரத்தைப் பூட்டிவிடும், அதற்குக் கீழ் இறுகினால் அறுந்துவிடும். உரமும் மருந்தும் ஏற்றிய வண்டியை அன்று மாலையே நீர்விட்டுக் கழுவுங்கள். உரத்தின் உப்பு இரும்பைத் தின்றுவிடும். கழுவிய பின் பிரேக் கம்பி, திருகாணி, விளக்கு எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பாருங்கள். கழுவும் கையே பழுதைக் கண்டுபிடிக்கும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் எண்ணெய் மாற்றிய தேதி, மாற்றிய சாமான், கொடுத்த காசு மூன்றையும் எழுதி வையுங்கள். பட்டறையில் ஏமாறாமல் இருக்கவும், நாளைக்கு நல்ல விலைக்கு விற்கவும் அந்த நோட்டு உதவும்.

லைசென்ஸ், தலைக்கவசம், சொக்சோ

பதினாறு வயது நிரம்பாத பிள்ளை கையில் சாவியைக் கொடுக்கலாகாது. லயத்து முற்றத்தில்தானே ஓட்டுகிறான் என்று அப்பா சிரிப்பார். முற்றத்தில் ஓட்டியவன் மறுநாள் பெரிய சாலைக்குப் போவான். பதினாறு நிரம்பியவர் பி2 லைசென்ஸ் எடுக்கலாம். வகுப்பு, எழுத்துச் சோதனை, ஓட்டும் சோதனை எல்லாம் முடிந்தபின் இரண்டு வருஷம் பி லைசென்ஸ். குறைந்த வருமானக் குடும்பத்தாருக்கு இலவசமாகப் பி2 லைசென்ஸ் எடுத்துக் கொடுக்கும் திட்டத்தை அரசாங்கம் நடத்தியிருக்கிறது. இவ்வருஷம் இடமுண்டா என்று ஜே.பி.ஜே. அலுவலகத்தில் விசாரியுங்கள். எழுத்துச் சோதனைக்குப் பயந்து பத்து வருஷமாக லைசென்ஸ் இல்லாமல் ஓட்டும் பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். படித்த பிள்ளைகளே, மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். தாய்மார்களும் எடுக்க வேண்டும். அவசரத்துக்கு வீட்டுக்காரர் வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

தலைக்கவசம் நமது நாட்டில் 1973 முதல் கட்டாயம். பகலிலும் விளக்கெரிய ஓட்ட வேண்டும் என்பது 1992-இல் வந்தது. இரண்டும் போலீஸுக்காக அல்ல. பல நாட்டு ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்த 2008-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, தலைக்கவசம் மரண ஆபத்தை நூற்றுக்கு 42 பங்கும், தலைக் காய ஆபத்தை 69 பங்கும் குறைக்கிறது என்று கண்டது. சீரிம் முத்திரையுள்ளதை வாங்குங்கள், வாரைப் பூட்டுங்கள். வார் பூட்டாத தலைக்கவசம் தலைக்கு முன்பே பறந்துவிடும். பழைய தலைக்கவசத்தை மட்டும் வாங்காதீர்கள், அது எங்கே அடிபட்டது என்று வெளியே தெரியாது.

இப்போது சொல்லப் போவதைத் தயவுசெய்து வீட்டிலும் சொல்லுங்கள். 1969-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதோ வேலையிலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போதோ நடக்கும் விபத்து, வேலையிலே நடந்த விபத்தாகவே கருதப்படும். சொக்சோ பணம் கிடைக்க வழியுண்டு. 2019 முதல் வெளிநாட்டிலிருந்து வந்த சட்டபூர்வத் தொழிலாளரும் இதில் சேர்ந்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசத் தோழனுக்கும் மியன்மார் தோழனுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

ஆனால், வழியில் வேறு காரியத்துக்காகத் திரும்பிப் போனால், அந்தப் பாதுகாப்பு அறுந்து போகலாம். ஆகவே விபத்து நேர்ந்தால் எந்த நேரம், எந்த இடம், எங்கே போய்க்கொண்டிருந்தோம் என்பதைப் போலீஸ் ரிப்போர்ட்டில் தெளிவாக எழுதச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக் காகிதம் ஒன்றையும் எறியக்கூடாது. உடனே முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். அவர் தயங்கினால் சங்கத்துக்கு ஆள் அனுப்புங்கள். முதலாளி சந்தா கட்டுகிறாரா என்பதையும் விபத்துக்கு முன்பே சம்பளச் சீட்டில் பார்த்து வையுங்கள், விபத்துக்குப் பின் பார்த்து அழுவதில் பயனில்லை.

செய்ய வேண்டியது

தோழர்களே, பேச்சைக் கேட்டுக் கைதட்டிவிட்டுக் கலைந்து போகக்கூடாது. மூன்று காரியம் சொல்கிறோம். இந்த மாதமே தொடங்கலாம்.

முதலாவது, லயத்துக்கு லயம் மோட்டாரைப் பற்றித் தெரிந்த இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். புதிதாக வாங்கும் எந்தத் தம்பியும் தங்கையும் அவர்கள் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை என்று முடிவு செய்யுங்கள். இரண்டாவது, தலைக்கு ஐந்து வெள்ளி போட்டுக் காற்றழுத்தம் அளக்கும் கருவி, ஸ்பேனர் செட்டு, செயின் பிரஷ், காற்றுப் பம்பு ஆகியவற்றை வாங்கிப் பொதுவிலே வையுங்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா மோட்டாரையும் வரிசையாக நிறுத்திப் பார்த்துவிடலாம். மூன்றாவது, சாலை வரி, இன்சூரன்ஸ், லைசென்ஸ் மூன்றும் எந்தத் தேதியில் முடிகின்றன என்பதைக் காலண்டரில் எழுதி, வீட்டில் உள்ள அம்மாவிடமோ அக்காவிடமோ ஒப்படையுங்கள். ஆண்கள் மறப்பார்கள், அவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஒருவன் தனியாகப் போய் மோட்டார் வாங்கினால், விற்கிறவன் சொன்னதே விலை. இரண்டு பேர் தெரிந்து போனால், பேச்சே மாறிவிடுகிறது. சம்பளப் பேச்சு மேசையில் நாம் கற்ற பாடம்தான் இது. அதைப் பட்டறை வாசலுக்கும் கொண்டு போவோம். கிராண்ட் நம் பெயரில், பிரேக் நம் கையில், வார் பூட்டிய கவசம் நம் தலையில் என்று ஒவ்வொரு தோழரும் காலையில் கிளம்ப வேண்டும், மாலையில் முழு உடம்போடு வீடு திரும்ப வேண்டும். அதைக் கேட்டுக்கொள்ளவே வந்தோம்.